இரண்டரை மணித்தியாலம்

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் ஓடின. ஒன்று வீட்டுக்கு, மற்றது சுதர்ஷினிக்கு. அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மறுவாரமே அழகர் கொஸ்லந்தைக் கடையில் வாங்கி, இரண்டரை மணித்தியாலம் பின்னால் தள்ளி மாட்டியது அது. மனைவி "மூணு மணிக்கு கோல் எடுக்குறேன்" என்றால், அவன் ஐந்தரைக்குப் பிள்ளையார் கோயில் பாறையில் ஏறி நிற்பான். அங்கேதான் சிக்னல். நாலு வருடமாக அவள் சொல்லும் எந்த நேரத்தோடும் இரண்டரையைக் கூட்டிக் கூட்டியே அவனுக்குப் பொழுது போனது.

அவள் அப்பா இராமையா இறந்த செய்தியையும் அந்தப் பாறையில் நின்றுதான் சொன்னான்.

"டிக்கெட் கெடச்சிருச்சிங்க. நான் வர்ற வரைக்கும் அப்பாவ வச்சிருங்க. என் கையால ஒரு புடி வாய்க்கரிசி போட்டுக்கிறேன்."

பின்னாலேயே டிக்கெட்டின் படம் வந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவது காலை 5.30. அழகர் இரண்டரையைக் கூட்டினான். எட்டு. வெளியே வந்து வேன் பிடித்து, மலையேறி வர ஒன்பது மணித்தியாலம்.

"அஞ்சாயிரும்" என்றான், சாவு வீட்டில்.

சுதர்ஷினியின் சித்தப்பா மகன் ரமேஸ் கசப்பாகச் சிரித்தான். "நாலாயிரம் கிலோமீட்டர் கடல பிளேன் அஞ்சு மணித்தியாலத்துல தாண்டிருது. நம்ம ரோட்டத்தான் மச்சான் தாண்ட முடியல. மூணு மணிக்கெல்லாம் மழ எறங்கிரும். மீரியபெத்தயில மண்ணு சரிஞ்சத மறந்துட்டீங்களா? ஊறுன மேட்டுல பாடையத் தூக்கிட்டு ஏற முடியாது. ஒரு மணிக்கு எடுத்துருவோம்."

மாமியார் பெரியாயி தலை நிமிர்ந்தாள். "மருமவனே, கணக்கு நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன் அத்த."

மறுநாள் ஒரு மணிக்குத் தப்பு மேளச் சத்தம் தேயிலைக்குள் ஏறிப் போனது. குழி மூடி, ஓடையில் முழுகி, ஈர வேட்டியோடு ஆண்கள் திரும்பியபோது லயத்து முனையில் ஒரு வேன் நின்றது. வாசலில் சுதர்ஷினி. தோளில் மாட்டிய பையை இன்னும் இறக்கவில்லை.

"எத்தன மணிக்கு எடுத்தீங்க?"

"ஒரு மணிக்கு."

"டிக்கெட்டுல போட்டிருந்த மாதிரியே நம்ம நேரம் காலைல அஞ்சரைக்கே எறங்கிட்டேனேங்க. வேன்காரர் போன்ல எத்தன தடவ கோல் எடுத்தேன்..."

காலையிலிருந்து பிணத்தின் பக்கத்தை விட்டு அவன் பாறைக்குப் போகவேயில்லை.

"ரெண்டரைய கூட்டிட்டேன் சுதா. எப்பவும் கூட்டுற மாதிரியே..."

அவள் திட்டுவாள் என்று நின்றான். திட்டியிருந்தால் தேவலை. அவள் அவன் தலையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். கழுவி விட்ட தரை இன்னும் காயவில்லை. மூலையில் முறத்தில் கொஞ்சம் வாய்க்கரிசி மிஞ்சியிருந்தது. ஒரு பிடி அள்ளினாள். எங்கே போடுவதென்று தெரியாமல், மூடிய கையோடு சுவரைப் பார்த்து நின்றாள்.

வீட்டுக் கடிகாரத்தில் இரண்டரை. அவளுடையதில் பன்னிரண்டு. அதில் ஒரு மணியாக இன்னும் நேரமிருந்தது.