இரண்டு படி ஏறியவர்

வாய்க்கரிசி போட நீட்டிய இரஞ்சிதத்தின் கை பாதியில் நின்றுவிட்டது. பின்னால் அவளுடைய அண்ணன் கேதீஸ்வரன் பேசத் தொடங்கியிருந்தான்.

"என்ர மச்சான் மகேந்திரராஜா பயந்து ஓடின ஆளில்லை. ரெண்டு பேர் மறிச்சும் ஆம்பிளையா நிண்டவர்."

1976இல் சிட்னியில் ஐயருக்கு எங்கே போவது? கொப்பியில் எழுதி வைத்த தேவாரத்தைப் படித்ததும் கேதீஸ்வரன்தான், இப்போது பிரசங்கம் செய்வதும் அவன்தான். தகனசாலையில் கூடியிருந்த முப்பது தமிழ்ச் சனமும் தலையை ஆட்டியது. பெட்டிக்குள் கிடந்த இரஞ்சிதத்தின் கணவருடைய நெற்றிக் காயத்தை மறைக்கத் திருநீற்றை அள்ளிப் பூசியிருந்தார்கள். மறுத்துப் பேச அவருக்கு வாயில்லை. இரஞ்சிதம் அரிசியைப் போட்டாள். பாதி கழுத்துப் பக்கம் சிந்தியது. பதினொரு வயது மகள் சுகிர்தா அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

மகேந்திரராஜாவுக்குப் பகலில் அலுவலகத்தில் பாலங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. செவ்வாய்க்கிழமை மாலைகளில் பென்டில் ஹில்லில், தண்டவாளத்தை ஒட்டிய தேவாலய மண்டபத்தில், பெண்களுக்குத் தற்காப்புச் சொல்லிக் கொடுத்தார். கொழும்பில் படித்த காலத்தில் ஜூடோ பழகிக் கறுப்புப் பட்டி வாங்கியவர். ஆனாலும் வகுப்பில் முதல் இரண்டு மாதம் யாரையும் தூக்கி எறிய விடமாட்டார். விழப் பழக்குவார், கத்தப் பழக்குவார். பிஸ்கட் தொழிற்சாலையிலிருந்து வரும் அந்தப் பெண்களுக்குக் கத்துவதற்கு வெட்கம். ரயில் போகும்போது கத்துங்கள், யாருக்கும் கேட்காது என்பார். கொஞ்ச நாளில் ரயில் இல்லாமலே கத்தினார்கள். கையைப் பிடித்தவனிடமிருந்து விடுபடும் முறையை ஐம்பது தரம் மெதுவாகவும் ஒரேயொரு தரம் வேகமாகவும் செய்விப்பார். விடுபட்டதும் ஓட வேண்டும். மண்டபக் கதவைத் தொட்டவள்தான் வென்றவள். ஆளை விழுத்திவிட்டுப் பெருமையோடு நின்று பார்ப்பவளை மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்வார். தகப்பனோடு போய் வந்த சுகிர்தாவுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். இரஞ்சிதம் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

போன மார்கழியில் ஒரு மாலை அவர் கையில் மணிக்கூடு இல்லாமல் வீட்டுக்கு வந்தார்.

"மறிச்சாங்கள் இரஞ்சி. கழட்டிக் குடுத்துப்போட்டு ஒரே ஓட்டம்," என்று மூச்சு வாங்கச் சிரித்தார்.

கலியாணத்துக்கு அவளுடைய தகப்பன் போட்ட மணிக்கூடு அது. நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும்.

"வெக்கமில்லையே உங்களுக்கு? ஊருக்கெல்லாம் மாஸ்டர். ரெண்டு பெடியளைக் கண்டு ஓடி வாறியள். என்ர அப்பா என்னை ஒரு ஆம்பிளைக்குத்தான் கட்டிக் குடுத்தவர் எண்டு நினைச்சன்."

அவருடைய சிரிப்பு நின்றது. போய் முகம் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கறிக்கு உப்புப் போதும் என்றார்.

அண்ணனிடம் அதை அவளேதான் சொன்னாள். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா? அன்றிலிருந்து பிறந்தநாள் விருந்தோ தைப்பொங்கலோ, எங்கே கண்டாலும் கேதீஸ்வரனுக்கு அவர் "ஓட்ட மாஸ்டர்". எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

போன வெள்ளிக்கிழமை ரயில் நிலையப் படிக்கட்டில் மறுபடி இரண்டு பேர் மறித்தார்கள். டிக்கெட் கொடுப்பவர் கண்ணால் கண்டதை, பொலிஸ்காரன் வீட்டுக்கு வந்து, குசினிக் கதிரையில் இருந்துகொண்டு இரஞ்சிதத்துக்கு வாசித்துக் காட்டினான். அவர் பிடியை உதறி விடுபட்டிருக்கிறார். படியேறி ஓடத் தொடங்கியிருக்கிறார். இரண்டு படி ஏறியவர் நின்று, திரும்பி, இறங்கி வந்திருக்கிறார். ஒருவனோடு மல்லுக்கட்டும்போது மற்றவன் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறான். அத்தனை பேருக்கு விழப் பழக்கியவர் அப்படியே தலையடிபட விழுந்திருக்கிறார். உங்கள் கணவர் துணிச்சல்காரர் என்றான் பொலிஸ்காரன்.

அந்த இரண்டாவது படியில் அவரை நிறுத்தியது எது என்று அவளுக்குத் தெரியும். நாலு நாளாக நெஞ்சு வெந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கோ அது உறைக்கவேயில்லை.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது வகுப்புப் பெண்கள் எட்டுப் பேரும் குளிரில் காத்து நின்றார்கள். மூத்தவள் மர்லீன் இரஞ்சிதத்தின் கையைப் பற்றினாள். எங்களையெல்லாம் ஓடச் சொன்னவர், தான் ஏன் நின்றார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பக்கத்தில் நின்ற சின்னவளுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, இனித் தானும் ஓடப் போவதில்லை, மாஸ்டரைப் போல நிற்கப் போவதாகச் சொன்னாள். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"பாத்தியே, எப்பிடிச் சொல்லுதுகள்!" என்று கேதீஸ்வரன் அவள் காதருகே பெருமைப்பட்டான்.

பேசாமல் இருந்துவிட்டால், தான் கேட்டது யாருக்கும் தெரியப் போவதில்லை. இரஞ்சிதம் அந்தச் சின்னவளைப் பார்த்தாள். மெலிந்த பெண். வேலை முடிந்து தனியாகத்தான் வீட்டுக்குப் போவாள்.

"இல்லை," என்றாள் ஆங்கிலத்தில். "அவர் சொல்லித் தந்ததுதான் சரி. முதல் தரம் ஓடித்தான் வந்தார், உயிரோடு வந்தார். நான்தான் அவரிடம், நீங்களும் ஒரு ஆணா என்று கேட்டேன். அதற்காகத்தான் நின்றார். நீங்கள் ஓடுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஓடுங்கள்."

"உனக்கென்ன விசரே? சனத்துக்கு முன்னாலை..."

"நீங்களும்தான் அண்ணா. நான் துவக்கினன், நீங்கள் விடேல்லை."

கேதீஸ்வரன் கார்ச் சாவியைத் தேடுகிற சாக்கில் அப்பால் போனான். மர்லீன், பற்றியிருந்த கையை விட்டுவிட்டு, சின்னவளின் தோளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

சுகிர்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பாவிட்ட அப்பிடிக் கேட்டனீங்களா அம்மா?"

"ஓம்."

காலையிலிருந்து தாயின் விரலைப் பிடித்தபடியே நின்ற பிள்ளை, விரலை விட்டாள். நடந்து போய் அந்தப் பெண்களுக்கு நடுவில் நின்றுகொண்டாள். யாரோ அவளுக்குத் தங்கள் கோட்டைப் போர்த்திவிட்டார்கள்.

அடுத்த சாவீட்டுக்காரரின் கார்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று தகனசாலை ஆள் பணிவாகக் கேட்டான். இரஞ்சிதம் தள்ளி நின்றாள். சுகிர்தாவுக்குக் கைக்குட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். ஒன்றும் எடுக்காமல் மூடினாள்.