நாலு பண்ணைக் கோட்டு

என் பெயர் போதில். நான் இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டேன். இரண்டு முறையும் புருஷன் பெயர் த்ரிக். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஓலாந்துத் தீவின் கிழக்குக் கரையில் வாழ்க்கைப்பட்ட எவளும் சிரிக்க மாட்டாள்.

எங்கள் பக்கத்தில் நான்கு பண்ணைகள் சேர்ந்து அரசரின் கப்பலுக்கு ஓர் ஆளைக் கொடுத்தாக வேண்டும். அவனுக்குக் குடிசையும், பசு மேய இடமும், உடுத்த ஒரு கோட்டும் பண்ணைக்காரர்கள் தருவார்கள். கூடவே ஒரு பெயரும் தருவார்கள். அவன் செத்தால் அடுத்த ஆள் அதே குடிசைக்கு, அதே பெயருக்கு வருவான். எங்கள் நான்கு பண்ணைகள் தரும் பெயர் த்ரிக். பத்திரமானவன் என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்தவன் வாயில் மண் விழ.

என் முதல் த்ரிக், லாஸ்ஸெ, பாய்மரத்திலிருந்து விழுந்து செத்தான். அப்போது என் மகன் ஓஸ்முண்ட் தவழ்ந்துகொண்டிருந்தான். ஒன்று நான் குடிசையைக் காலி செய்ய வேண்டும், அல்லது அடுத்து வருகிறவனைக் கட்டிக்கொள்ள வேண்டும். வந்தவன் தோர்கெல். பாய்மரம் போல உயரம். நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு நின்றவன், என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அடுப்பு இருக்குன்னு சொன்னாங்க. பொம்பளையும் புள்ளையும் இருக்குன்னு யாரும் சொல்லல" என்றான்.

"பிடிக்கலேன்னா அடுப்ப மட்டும் கட்டிக்க" என்றேன்.

குனிந்து உள்ளே வந்தான். அதற்குப் பிறகு அவனோடு வாழ்ந்த வருஷங்களை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓஸ்முண்ட் அவனைத்தான் அப்பா என்றான்.

பண்ணைக்காரர்கள் தரும் அந்தக் கோட்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். நான்கு பண்ணைப் பெண்களும் ஆளுக்கொரு பகுதி நெய்து தருவார்கள். மூன்று பகுதி சாம்பல் நிறம். இடது கை மட்டும் கறுப்பு, ஏனென்றால் அது ஹெமிங் பண்ணையின் பங்கு. ஹெமிங்தான் நான்கு பண்ணைக்கும் தலைவர். அவருடைய ஆடுகள் கறுப்பு. ஒரு கைக்காக வேறு கம்பளி வாங்குகிற மனிதர் இல்லை அவர். அந்தக் கறுப்புக் கையை எங்கே பார்த்தாலும் எங்கள் ஊர் ஆள் என்று தெரிந்துவிடும்.

பல வருஷம் கழித்துத் தோர்கெலை 'அரியணை' என்ற கப்பலில் போட்டார்கள். நாட்டிலேயே பெரிய போர்க்கப்பல். பனிக்காலத்துக்கு வீடு வந்தவன் அடுப்பருகே உட்கார்ந்து அதைப் பற்றியே பேசினான்.

"மூணு அடுக்கு பீரங்கி, போதில். பின்பக்கம் பூரா தங்க முலாம் பூசின தேவதைங்க."

"தேவதைங்கள பாத்த கண்ணால என்னப் பாக்க எப்பிடிப் பிடிக்குது?"

"அதுங்களுக்கு ரொட்டி சுடத் தெரியாதே." சிரித்தான். பிறகு கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். "அது சாயுது போதில். காத்துல திரும்பினா ஒருபக்கமா சாயுது, சாஞ்சா சட்டுனு எழுந்திரிக்க மாட்டேங்குது. கீழ்வரிசை பீரங்கிச் சன்னல் தண்ணிய தொட்டுட்டு வருது. ஒருதரம் நாங்க அத்தன பேரும் மேட்டுப்பக்கம் ஓடிப்போய் நின்னோம். அப்புறந்தான் நிமிந்துச்சு."

"பெரியவங்ககிட்ட சொல்ல வாயில்லையா உங்களுக்கு?"

"பாய்மர மேஸ்திரி சொன்னாரு. பயந்தாங்கொள்ளியெல்லாம் கீழ போய் கஞ்சி காச்சுன்னு சொல்லிட்டாங்க. அவங்க அரண்மனையில குதிரை ஓட்டுனவங்க. கடிவாளத்த இழுத்தா கப்பலும் திரும்பணும்னு நெனைக்கிறாங்க."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. பனி உருகி அவன் கிளம்பியபோது கோட்டை நானே போட்டுவிட்டேன். தோளில் இறுக்கமாகத்தான் இருந்தது. அவன் உயரத்துக்கு யார் துணி தருவார்கள்? இந்த ஒரு மனிதனை மட்டும் அந்தப் பெயர் தின்றுவிடக் கூடாது என்று நினைத்தேன். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஜூன் மாதத் தொடக்கத்தில் எங்கள் கரைக்கு நேராகவே சண்டை வந்தது. டேனிஷ்காரர்களும் டச்சுக்காரர்களும் பின்னால் துரத்த, நம் கப்பல்கள் வடக்கே வந்துகொண்டிருந்தன. ஊரே மேட்டில் ஏறி நின்றது. சிலர் ரொட்டியும் பீரும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், ஏதோ சந்தைக்கு வந்ததைப் போல. நல்ல காற்று. அரியணையை யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. மற்றவையெல்லாம் அதன் குட்டிகளைப் போல இருந்தன.

அது எதிரியைப் பார்த்துத் திரும்பியது. பாய்களில் ஒன்றைக்கூடச் சுருக்கவில்லை. பீரங்கிச் சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கதவுகளின் உட்புறச் சிவப்பு கரையிலிருந்தே தெரிந்தது. கப்பல் சாய்ந்தது. கீழ்வரிசைச் சிவப்பு காணாமல் போனது. பிறகு அடுத்த வரிசை.

"இப்ப நிமிந்துரும்" என்றாள் எனக்குப் பின்னால் ஒரு பெண்.

பசு படுப்பதைப் போல நிதானமாக அது தண்ணீரில் படுத்தது. பாய்மரங்கள் கடல்மேல் கிடந்தன. உள்ளே எங்கோ வெடிமருந்தில் தீப்பிடித்திருக்க வேண்டும். முன்பக்கம் பிளந்து வானத்துக்குப் போனது. ஓசை சற்றுத் தாமதமாக வந்து எங்கள் நெஞ்சில் அறைந்தது. புகை விலகியபோது அங்கே கடல் மட்டும்தான் இருந்தது. பீர் கொண்டுவந்தவர்கள் ஜாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை ஆட்டுக்கொட்டகைக்குப் பால் கறக்கப் போனேன். அழுது முடித்திருந்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். வைக்கோலுக்குள் தோர்கெல் கிடந்தான். உடம்பில் சட்டை மட்டும் இருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் கத்தவில்லை. ஆட்டை விலக்கிவிட்டு அவன்மேல் படுத்துக்கொண்டேன். அவனுக்குச் சூடு வரும்வரை அப்படியே கிடந்தேன்.

உச்சிப் பாயில் வேலையாக இருந்திருக்கிறான். பாய்மரம் தண்ணீரில் படுத்ததும் மேலே இருந்தவர்கள் அப்படியே கடலில் இறங்கி நீந்தினார்கள். கீழே இருந்தவர்கள் கீழேயே போய்விட்டார்கள்.

"கோட்டு எங்க?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டேன்.

"அக்கரை ஸ்மோலாந்துக்காரன் ஒருத்தன் காய்ச்சல்ல நடுங்கிட்டு இருந்தான். அவனுக்குப் போத்திவிட்டேன். அவன் கீழ இருந்தான்." எழுந்து உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "கால்மர் துறைமுகம் போய் பேரு குடுக்கணும். தப்பிச்சவங்கள வேற கப்பல்ல ஏத்துவாங்க."

"நீ செத்துட்ட" என்றேன். "அப்பிடியே இரு."

பிணங்கள் கரைக்கு வரத் தொடங்கின. தினமும் வந்தன. தேவாலயத்துக்குப் பக்கத்து நிலத்தில் நீளமாகக் குழி வெட்டினார்கள். ஒரு நாள் ஓஸ்முண்ட் மூச்சிரைக்க ஓடி வந்தான். கறுப்புக் கை வைத்த கோட்டோடு ஒருவன் ஒதுங்கியிருப்பதாகச் சொன்னான்.

நான் போனபோது பாதிரியாரும் ஹெமிங்கும் கால்மரிலிருந்து வந்த அரசாங்க எழுத்தரும் நின்றிருந்தார்கள். முகம் இருந்த இடத்தில் முகமே இல்லை. உடம்பு என் தோளுக்குத்தான் வரும். அவனுக்கு அந்தக் கோட்டு பெரிதாக இருந்தது. பின்கழுத்தில் முடியை யாரோ நேர்கோடாக, அக்கறையாக வெட்டிவிட்டிருந்தார்கள்.

ஹெமிங் என்னைப் பார்க்காமலே பேசினார். "இது த்ரிக் இல்லீங்க. அவன் நெட்டையன். இவன் அரை ஆளு. எங்காளு எங்கியாவது கரையேறியிருப்பான், வரட்டும், பொறுத்திருந்து பாப்போம்."

அவர் கவலை எனக்குத் தெரியும். த்ரிக் செத்தால் நான்கு பண்ணையும் உடனே புது ஆள் தேட வேண்டும். எங்கே பார்த்தாலும் போர். எவன் வருவான்? பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "நல்லா யோசிச்சு சொல்லு போதில். அவன் காணோம்னா குடிசை உனக்கு. செத்துட்டான்னா குடிசை அடுத்தவனுக்கு."

"பொண்டாட்டி சொல்றதத்தான் நான் எழுத முடியும்" என்றார் எழுத்தர்.

நான் மண்டியிட்டு அந்தப் பையனின் பின்கழுத்தைத் தொட்டேன். என் கண்ணீரில் ஒரு சொட்டும் பொய் இல்லை. ஸ்மோலாந்தில் யாரோ ஒருத்தி அவனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சேர வேண்டிய பிணத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

"என் புருஷன்தான்" என்றேன். "தண்ணியில ஊறினா ஆளு சுருங்க மாட்டானா?"

"ஊறினா உப்பும்" என்றார் ஹெமிங். எழுத்தர் எழுதிவிட்டார்.

பொதுக்குழியில் போட வேண்டாம் என்று கெஞ்சித் தனிக்குழி வாங்கினேன். மரச்சிலுவையில் தோர்கெல் த்ரிக் என்று செதுக்கி நட்டார்கள். கோட்டை மட்டும் ஹெமிங் கழற்றி எடுத்துப்போனார். பண்ணைச் சொத்தாம்.

அந்தக் கோடையில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்று சொன்னால் நம்புவீர்களா? வேறு ஊருக்குப் போய்விடலாம், அறுவடை முடிந்து தீவை விட்டு அக்கரைக்குப் படகு ஏறலாம் என்று திட்டம் போட்டோம். தோர்கெல் கொட்டகையில் கிடந்து ஓஸ்முண்டுக்கு முடிச்சுப் போடச் சொல்லித் தருவான். நான் தடுப்பேன். "அவனுக்கு எதுக்கு கப்பல்காரன் முடிச்சு? ஆட்டைக் கட்டத் தெரிஞ்சா போதும்" என்பேன்.

அறுவடை வரை அவர்கள் விடவில்லை. ஒரு மத்தியானம் நான்கு பண்ணைக்காரர்களும் குடிசை வாசலில் வந்து நின்றார்கள். ஹெமிங் கையில் துவைத்துக் காயவைத்த கோட்டு.

"குடிசை ஒரு ஆளு குடுக்கணும்" என்றார். "குடிசையில ஒரு ஆளு இருக்கான். மீசையும் வந்துருச்சு. ஓஸ்முண்ட், இப்பிடி வாடா. கையை நீட்டு."

புருஷனை மறைக்கத் தெரிந்த எனக்கு, மகனுக்கு மீசை வந்ததைப் பார்க்கத் தெரியவில்லை. "அவன் என் ஒரே புள்ள" என்றேன். "உங்க வீட்டுல மூணு பேரு இருக்காங்களே."

"என் வீட்டுல இருக்கறவங்க என் பண்ணைக்கு. நீ இருக்கறது த்ரிக் குடிசை."

ஓஸ்முண்ட் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தால் அப்பாவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். மெல்லக் கையை நீட்டினான்.

"அவன விடுங்க" என்று கொட்டகைப் பக்கமிருந்து குரல் வந்தது. தலைமுடியில் வைக்கோலோடு தோர்கெல் கல்வேலியைத் தாண்டி வந்தான். "த்ரிக் இங்கதான் இருக்கான்."

மற்ற மூன்று பேரும் பேயைக் கண்டதுபோலப் பின்வாங்கினார்கள். ஒருவர் சிலுவைக் குறிகூடப் போட்டுக்கொண்டார். ஹெமிங் மட்டும் அசையவில்லை.

"வாப்பா" என்றார். "வைக்கோல் கடிச்சு கடிச்சு சலிச்சிருக்கும். ஆட்டுக்கு மோரும் ரொட்டியும் கொண்டுபோற பொம்பளய நான் இந்த வயசுல இப்பத்தான் பாத்தேன்."

அந்த ஆள் ஆரம்பத்திலிருந்தே தெரிந்து வைத்திருந்தார். என் மகனைத் தூண்டிலில் கோத்துக்கொண்டு வந்திருந்தார். என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் இங்கே சொல்ல முடியாது. அவர் கேட்டுக்கொண்டார், பிறகு கோட்டைத் தோர்கெலிடம் கொடுத்தார்.

கப்பல்களுக்கு ஆள் போதாத காலம். ஏன் மறைந்திருந்தாய் என்று கால்மரில் யாரும் கேட்கவில்லை. கிளம்பும் முன் தோர்கெல் கல்லறைக்குப் போகலாம் என்றான். தன் பெயர் செதுக்கிய சிலுவையைத் தடவிப் பார்த்தான். பாதிரியார் அதை மாற்றச் சம்மதிக்கவில்லை. எழுதினது எழுதினதுதான் என்றார்.

"நல்ல இடம் பாத்துத்தான் வச்சிருக்க" என்றான் தோர்கெல். "காத்து வருது."

"வாய மூடு."

"மூடிட்டேன். ஓஸ்முண்ட பாத்துக்க."

மறு வருஷக் கோடையில் அவனுடைய கப்பல் தெற்கே எரிந்து மூழ்கியதாகச் சேதி வந்தது. எங்கள் கரையிலிருந்து எதுவும் தெரியவில்லை. எந்தப் பிணமும் வரவில்லை. ஊர்க்காரர்கள் துக்கம் கேட்க வந்தபோது எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. குழி இருந்தது. சிலுவை இருந்தது. பெயரும் இருந்தது. நான்தான் முன்கூட்டியே எல்லாம் செய்து வைத்திருந்தேனே.

அங்கே உட்கார்ந்து இரண்டு பேருக்குமாக அழுதேன், பெயர் தெரியாத ஸ்மோலாந்துப் பையனுக்கும் என் தோர்கெலுக்கும். வெயில் இறங்கிய பிறகு வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் நான்கு பண்ணைக்காரர்களும் நின்றிருந்தார்கள். இந்தமுறை கொட்டகையில் யாரும் இல்லை. அது அவர்களுக்கும் தெரியும். புதிதாக நெய்த கோட்டை ஹெமிங் பிரித்துப் பிடித்திருந்தார். ஓஸ்முண்ட் முதலில் கறுப்புக் கையில் இடது கையை நுழைத்தான். பிறகு வலது கையை நுழைத்தான்.

கோட்டு அவனுக்குச் சரியாக இருந்தது.