கிழக்கே வாசல் இல்லாத வீடு

"அண்ணே, இந்த எடத்தையும் அடச்சிட்டா வூட்டுக்குள்ள எப்படிப் போவீங்க? ஏணி போட்டு ஏறி மாடி வழியா எறங்குவீங்களா?"

கொத்தனார் பூவரசன் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டுக் கேட்டான். தா.பழூர் பக்கம் தர்மனுக்கு அரசாங்கம் அளந்து கொடுத்த மனை அது. மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர், தெரு கிழக்கில் மட்டும். நாலு சுவரும் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பியாகிவிட்டது. கிழக்குச் சுவரில் வாசல் நிலை வைக்க விட்ட இடைவெளிதான் பாக்கி. வெள்ளிக்கிழமை நிலை வைக்க நாள் குறித்திருந்தார்கள். வியாழக்கிழமை காலையில் தர்மன் வந்து, அதைச் செங்கல் வைத்து அடை என்கிறார்.

"கெழக்க பாத்த வாசலுக்கு ஊரே கும்புட்டுக்கிட்டு நிக்குது. நீங்க என்னடான்னா..."

"சொன்னதச் செய்யி. வழிக்கு ராஜதுரைகிட்ட கேட்டுக்கலாம்."

வடக்கு மனைக்காரர் ராஜதுரை ஒரு முழம்கூட விடமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். அடைத்தால் அந்த வீட்டில் குடியேற முடியாது. அடைக்காவிட்டால் தர்மனால் அங்கே ஒரு நாள்கூடக் கண்மூட முடியாது.

ஊரில் அவர்கள் குடும்பத்துக்கு 'வாசத் தொறந்தவன் வூடு' என்று பெயர். ஏழு தலைமுறைக்கு முந்திய பாட்டன் மதுரைவீரன் கடற்கரைக் கோட்டை ஒன்றில் கடல்வாசல் காவலாளியாக இருந்தானாம். கப்பலில் வந்த எதிரியிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டானாம். அன்றிலிருந்து அவர்கள் கட்டிய எந்த வீட்டிலும் கடல் இருக்கும் திசையில் வாசல் கிடையாது, ஜன்னல்கூடக் கிடையாது. தலைமுறைக்கு ஓர் ஆணுக்குக் கிழக்குச் சுவரில் தட்டும் சத்தம் கேட்கும். மறுபடியும் திறக்கச் சொல்லி எதிரி தட்டுகிறான், இந்த முறை நாம் திறக்கக் கூடாது என்று அப்பன் மகனுக்குச் சொல்லி வைத்தான். தர்மனுக்கு அவர் அப்பா செத்த பதினாறாம் நாள் கேட்கத் தொடங்கியது. அவர் தன் பஞ்சர் கடையை மூடிவிட்டுச் சாப்பிட வருகிற நேரத்தில், நட்டநடு மதியத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுவார்கள். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார்.

அன்று மதியம் மகள் முத்தமிழ் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அந்தக் கோட்டையில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைச் செப்பனிடுகிறார்கள். பழைய காகிதங்களைப் படித்து அட்டவணை போடும் ஒப்பந்த வேலை அவளுக்கு. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, நம்ம பாட்டன் பேரு கெடச்சிருச்சு. பழூரான் மதுரைவீரன்னு கோட்டைத் தளபதி எழுதி வச்சிருக்கான்."

"என்னன்னு?"

"அவரு கதவத் தொறக்கவே இல்லப்பா."

தர்மனின் மனைவி வேணி சோற்றுக் கரண்டியோடு நின்றாள். முத்தமிழ் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் படித்துச் சொன்னாள். கப்பல்கள் மூன்று நாள் குண்டு போட்டிருக்கின்றன. கரையில் இருந்த மீனவர்களும், சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்தவர்களும் கோட்டைக்குள் ஓடி ஒளிய வந்து கடல்வாசலைத் தட்டியிருக்கிறார்கள். திறக்கக் கூடாதென்று தளபதியின் உத்தரவு. காவலாளி திறக்கவில்லை. கோட்டை பிழைத்தது. வெளியே முப்பத்தொன்பது பிணங்கள், 'குழந்தைகளை எண்ணவில்லை' என்று பக்கத்திலேயே குறிப்பு. காவலாளிக்கு வெள்ளிப்பூண் போட்ட கோல் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். மறுநாள் கோல் கதவில் சாத்தியிருந்தது, ஆள் இல்லை.

"அப்ப காசு வாங்குனது?" என்றாள் வேணி.

"எவனும் குடுக்கலம்மா. அந்தக் கதைய அவரே வந்து சொல்லியிருக்கணும்."

"அட பாவமே! சொன்ன சொல்லுக்கு நின்ன மனுசனப் போயி இத்தன வருசமா ஊரு வாயில போட்டு மென்னுச்சே. ஏங்க, கேட்டீங்களா?"

தர்மன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். துரோகி என்ற பெயரை ஒருவன் தானே தேடி வாங்கிக்கொள்கிறான் என்றால், அதைவிடச் சொல்ல முடியாதது ஒன்றை அதற்கு அடியில் புதைத்திருக்கிறான். அவருக்கு அது உடனே விளங்கிவிட்டது.

"எதால தட்டுனாங்கன்னு போட்டிருக்கா?"

"வெறுங்கையாலதான். ரெண்டாம் நாள் சாயங்காலம் சத்தம் நின்னுருச்சுன்னு எழுதியிருக்கான்."

படைக்காரன் என்றால் துப்பாக்கிக் கட்டையால் இடித்திருப்பான். தர்மன் கேட்டு வந்ததோ உள்ளங்கைகள். ஒன்றன்மேல் ஒன்றாக, ஒழுங்கில்லாமல். சில நாட்களில் அது சுவரில் முழங்கால் உயரத்தில்தான் கேட்கும். அதை அவர் வேணியிடம்கூடச் சொன்னதில்லை.

கை கழுவாமல் எழுந்து சைக்கிளை எடுத்தார்.

பூவரசன் சொன்ன பேச்சைத் தட்டாமல் அந்த இடைவெளியில் ஆறு வரிசை கட்டி முடித்திருந்தான். தர்மன் குனிந்து, மேல் வரிசையிலிருந்து கற்களைப் பிடுங்கித் தெருவில் போட ஆரம்பித்தார். கலவை இன்னும் ஈரமாக இருந்தது.

"யோவ் அண்ணே! காலையில அடைங்கிற, இப்ப இடிக்கிற. வெயில்ல சாராயம் கீராயம் போட்டியா?"

கடைசிக் கல்லையும் எடுத்தபின் தர்மன் இடைவெளியின் ஓரத்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, வயிற்றை எக்கி நின்றார். நெரிசலான பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கு வழிவிடுகிறவரைப் போல. தெரு காலியாகக் கிடந்தது. ஒரு நாய்கூட இல்லை.

"தள்ளி நில்லு பூவரசா. வழிய மறைக்காத."

பூவரசன் சிரிக்கப் பார்த்தான். தர்மனின் கண்கள் ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளே அனுப்புவதையும், நடுநடுவே தாழ்ந்து முழங்கால் உயரத்தில் நிற்பதையும் கண்டு எதிர்ச்சுவரோடு ஒதுங்கினான்.

முத்தமிழும் வேணியும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோதும் அவர் அப்படியேதான் நின்றார்.

"ஏங்க, யாருமில்லாத எடத்துல என்ன பண்றீங்க?"

"செத்த இரு வேணி," என்றார் தர்மன். "பாதிப் பேருதான் வந்திருக்காங்க."