கலக்கிக்கொண்டே அளப்பது

1

இந்தக் கதை பல் மருத்துவரின் அறையில் பிறந்தது. வாய் கொப்பளிக்கக் குனிந்தேன். வெள்ளை வாஷ்பேசினின் உள்பக்கத்தில் மெழுகு வழிந்து உறைந்தாற்போல ஒரு தடித்த கோடு. பளபளப்புப் பூச்சு, சூளைக்குள் போகுமுன்பே வழிந்திருக்கிறது. யாரோ கலவையைச் சரியாக அளக்கவில்லை. பிடுங்கப்படவிருந்த பல்லை மறப்பதற்காக அந்த யாரோவைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: "நீரும் தூளும் ஒன்றையொன்று வெறுத்தபடி ஒரே வாளியில்..."

வேண்டாம். அந்த வாக்கியத்துக்குத் தன்னைப் பற்றி ரொம்ப நல்ல அபிப்பிராயம். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

வாஷ்பேசின் செய்கிற தொழிற்சாலை. ஆய்வகத்தில் அண்ணி. அரைவைப் பிரிவில் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. ஒரே வீட்டில் மேல்மாடியும் கீழ்த்தளமுமாக இருந்தார்கள். பேச்சுவார்த்தை கிடையாது.

சண்டைக்குக் காரணம்? குக்கர் வெயிட்டை இரவல் வாங்கித் தொலைத்ததாக முதலில் எழுதினேன். எடை பற்றிய கதையில் எடை தொலைகிறதாம். எனக்கே கூசியது, அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்: உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் நாத்தனார், "எங்க அண்ணி லேப்ல இருக்காங்கல்ல, வீட்டுலயும் பாலை அளந்துதான் ஊத்துவாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கணவனும் சிரித்தான். அவனை அண்ணி அன்றே மன்னித்துவிட்டாள், சமைக்கத் தெரிந்தவன். நாத்தனாரை மன்னிக்கவில்லை.

அதன் பிறகு எல்லாச் செய்தியும் அவன் வழியாகத்தான். "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, மோட்டார் ஓடிட்டே இருக்கு." அவன் படியேறிப் போய்ச் சொல்வான். பதிலோடு இறங்கி வருவான். மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வான்.

3

தொழிற்சாலையில் படியேற ஆளில்லை. பளபளப்புப் பூச்சுக்காக அரைத்த தூளைத் தண்ணீரில் கலக்கி, நாத்தனார் வாளியில் அனுப்புவாள். கூடவே தான் பார்த்த அடர்த்தியையும் சொல்லி அனுப்புவாள். அண்ணி அடர்த்தி காட்டும் கண்ணாடி மிதவையை விட்டு அளப்பாள்.* நாத்தனார் சொன்னதைவிட எண் எப்போதும் குறைவாகவே வரும். "நீர்த்திருக்கு, தூள் சேர்க்கணும்" என்று திருப்பி அனுப்புவாள். நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்ப்பாள்.

ஒருநாள் சூளையிலிருந்து வந்த பேசின்கள் அத்தனையிலும் வழிந்த கோடுகள். மேலாளர் அண்ணியிடம் வந்தார்.

"தூள் கூடிப்போயி பூச்சு தடிச்சு வழியுது. அரைவைலதான் தப்பு. அவங்களப் பேக்கிங்குக்கு மாத்திடலாம்னு பாக்கறேன். நாளைக்குச் சொல்றேன்."

அண்ணி தலையாட்டினாள்.

(இங்கே அவள் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அதை எழுதலாமா என்று யோசித்தேன். வாசகருக்கு அவளைப் பிடிக்காமல் போய்விடுமோ? ஆனால் வந்ததே.)

* தெளிந்த திரவத்தில் இந்த மிதவை யோக்கியமாக நடந்துகொள்ளும்: அடர்த்தி கூடினால் உயர்ந்து நிற்கும், குறைந்தால் அமிழும். தூள் மிதக்கும் கலவையில் அப்படியில்லை. நிற்கவிட்டால் தூள் அடியில் தங்கி மேலே தண்ணீர்தான் இருக்கும். கலக்கினால் மிதவை ஆடும்.

4

அவர் போனதும் மிதவையைக் கழுவ எடுத்தவள், சும்மா கெட்டியான கலவையில் விட்டுப் பார்த்தாள். விரலால் லேசாக அழுத்தினாள். அமுங்கிய இடத்திலேயே நின்றது. மேலே இழுத்துவிட்டாள். அங்கேயும் நின்றது. மேடையில் வைத்த பொம்மை மாதிரி, வைத்த இடத்தில் நின்றது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் மிதவையை அமுக்கித்தான் விட்டிருக்கிறாள். அது மெய்யான இடத்துக்கும் கீழே நின்று, கலவை நீர்த்ததாகக் காட்டியிருக்கிறது. வாளி வந்து சேர்வதற்குள் தூளும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்படியானால் தூள் கூடிப்போனது யாரால்?

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாளையிலிருந்து நாத்தனார் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். யாருக்கும் தெரியாது. எனக்கும் உங்களுக்கும் தெரியும், நம்மை யார் கேட்கப் போகிறார்கள்?

மேசையில் கொள்ளளவு தெரிந்த எஃகுக் கிண்ணம் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அரைவைப் பிரிவுக்கு நடந்தாள்.

5

நாத்தனார் தொட்டியின் மேடைமேல் நின்றிருந்தாள்.

"ஒரு கை குடு. நீ கலக்கணும், நான் மொள்ளணும்."

"அண்ணன்கிட்ட சொல்லி அனுப்பலயா?"

"அவரு வந்து சேர்றதுக்குள்ள தூளு அடிக்குப் போயிடும்."

நாத்தனார் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். துடுப்பை எடுத்தாள்.

"மெதுவா. நுரை கட்டினா காத்து சேந்து எடை கொறைஞ்சிடும்."

"தெரியும் அண்ணி."

சுழலும் கலவையிலிருந்து கிண்ணத்தை விளிம்பு தளும்ப மொண்டு, வழித்து, வெளிப்புறம் துடைத்து, அங்கிருந்த தராசில் வைத்து, எடையைக் கொள்ளளவால் வகுத்தாள். மறுபடி கலக்கி மறுபடி மொண்டாள். எண் மாறவில்லை.

இருவர் சொன்னதற்கும் நடுவில் வந்தது என்று எழுதினால் நீதிக்கதையாகிவிடும். வரவும் இல்லை. கிட்டத்தட்ட நாத்தனார் சொன்ன எண்தான்.

"நீ சொன்னதுதான் சரி. நான் உன்னத் தூள் கொட்ட வச்சிருக்கேன்."

"மேலாளருக்குத் தெரியுமா?"

"இப்போ போய்ச் சொல்லப்போறேன்."

"இருங்க, கையக் கழுவிட்டு நானும் வர்றேன்."

6

மேலாளர் கேட்டுக்கொண்டார். புதிய கலவையில் ஒரு சூளை போட்டுப் பார்க்கலாம், யாரை எங்கே அனுப்புவது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம் என்றார். (மேலாளரையே பேக்கிங்குக்கு அனுப்பும் ஒரு முடிவும் எழுதி வைத்திருக்கிறேன். தனியாகக் கேட்டால் தருகிறேன்.)

இப்போது சூளை ஆறிக்கொண்டிருக்கிறது. இருவரும் கதவெதிரே கவிழ்த்த பெட்டிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இதுலயும் வழிஞ்சிருந்தா அண்ணி?"

"ரெண்டு பேரும் பேக்கிங். பெட்டி ஒட்டறதும் வேலதான்."

"நீங்க பசையையும் அளந்துதான் ஊத்துவீங்க."

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணி அவளையே பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

கதவை நான் திறக்கப்போவதில்லை. எனக்கு இவர்கள் இப்படி உட்கார்ந்திருப்பதே போதும். உங்களுக்கு அவசரமென்றால் நீங்கள் திறந்து பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கைப்பிடி இன்னும் சுடும்.