மூன்று படத்திலும் ஒரே இடத்தில்

குடும்பத்தில் அவனுக்குப் பெயர் பளபளா. அக்கா வைத்தது. போட்டோ ஸ்டுடியோ ஆரம்பித்த புதிதில் பெரியப்பாவைப் படம் எடுத்து, அவர் முகத்து அம்மைத் தழும்பையெல்லாம் அழித்து மாட்டக் கொடுத்தான். அவரோ படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருடா?" என்றார். அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது! சேர்ந்து சிரித்துவிட்டு மறந்துபோனான்.

அக்கா முதல் மாடியில் குடியிருந்தாள். அந்த அடுக்குமாடியின் சங்கச் செயலாளர் அவள் வீட்டுக்காரர்தான். கீழே, கார் நிறுத்தும் தளத்தில் தூண் பக்கம் பூச்சு உதிர்ந்ததால், எதற்கும் இருக்கட்டும் என்று கூரைக்கு இரும்பு முட்டுகள் கொடுத்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து கார்களெல்லாம் தெருவில். திட்டெல்லாம் செயலாளருக்கு. வெளியூர் இன்ஜினியரைக் கூப்பிட்டால், அந்த மகராசன் நேரில் வர நேரமில்லை, படம் எடுத்து அனுப்புங்கள் என்றுவிட்டார்.

"நம்ம வீட்டு வேலை மாப்ளே. நல்லா தெளிவா எடுத்துக் குடு" என்றார் மாமா.

கீழ்த்தளத்தில் பகலிலேயே கும்மிருட்டு. ஃபிளாஷ் போட்டால் ஈரச் சுவர் மினுங்கிக் கண்ணைப் பறித்தது. அதை அணைத்துவிட்டு, கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டி வைத்து எடுத்தான். கை ஆடிவிடுமோ என்று ஒவ்வொன்றையும் மூன்று தடவை எடுப்பது அவன் வழக்கம். எடுத்துவிட்டு மேலே போனால், அக்கா படுக்கையறைக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"தரையில இழுக்குதுடா. ஆசாரி வந்து சீவிவிட்டுட்டுப் போனாரு. மறுபடியும் இழுக்குது."

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்க்கா."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்!

ஸ்டுடியோவில் படங்களைத் திறந்தால், மணலை அள்ளித் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது. இருட்டில் எடுத்தால் கேமரா தானாக உண்டாக்கும் இந்தப் புள்ளிகளைத் தொழிலில் நாய்ஸ் என்பார்கள். அதை நீக்குகிற சாஃப்ட்வேர் அவனிடம் இருந்தது பழசு. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று மூன்றை இலவசமாக இறக்கிப் பார்த்தான். முதலாவது பாதிப் புள்ளியை விட்டுவைத்தது. இரண்டாவது, ஒரு படத்துக்கே மூச்சு வாங்கியது. மூன்றாவது இருக்கிறதே, ஒரே அமுக்கு. தூண்கள் நேற்றுப் பூசியதுபோல் வழவழவென்று வந்து நின்றன. எவ்வளவு நீக்க வேண்டும் என்று காட்டும் அளவுக் குறியை நடுவில் வைத்திருந்தால் போதும். ஆசை விடுமா? கடைசி வரை இழுத்தான்.

படம் என்னவாயிற்று என்று பார்க்க ஸ்டுடியோவுக்கு வந்து பின்னால் நின்ற மாமா அவன் தோளைத் தட்டினார். "அட, இது புதுக் கட்டடம் மாதிரில்ல இருக்கு! இதையே அனுப்பு மாப்ளே."

அனுப்பினான். விரிசல் எதுவும் தெரியவில்லை, முட்டுகளை எடுத்துவிடலாம் என்று இன்ஜினியரிடமிருந்து பதில் வந்தது. தான் எடுத்த படத்துக்கு இன்ஜினியரே மறுபேச்சுப் பேசவில்லை என்பதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டுடியோ வாசலில் விளம்பரமாக ஒட்ட, முன்னும் பின்னுமாக இரண்டு படம் போடலாமே என்று மறுவாரம் ஒரு காலையில் உட்கார்ந்தான்.

இடப்பக்கம் பழைய மணல் படம். வலப்பக்கம் வழவழப்பு. இடப்பக்கத் தூணில் மேலிருந்து சரிவாக, முடி ஒட்டியதுபோல் ஒரு கோடு. வலப்பக்கத்தில் அது இல்லை. நாய்ஸாக இருக்கும் என்று தாண்டிப் போகப் பார்த்தான். மனசு கேட்கவில்லை. அதே தூணின் இரண்டாவது படத்தைத் திறந்தான். கோடு இருந்தது. மூன்றாவதைத் திறந்தான். அதே இடம், அதே சரிவு.

நாய்ஸ் ஒரு படத்தில் விழுந்த இடத்தில் மறு படத்தில் விழாது. தொழிலுக்கு வந்த முதல் மாதமே தெரிந்துகொண்ட பாடம் அது. மூன்று படத்திலும் ஒரே இடத்தில் நிற்கிறதென்றால், அது தூணில் இருக்கிறது. அடுத்த தூணைப் பார்த்தான். அதிலும் இருந்தது. மாமாவுக்குப் போன் போட்டு, முட்டுகளை எடுத்தாயிற்றா என்று கேட்டான்.

"முட்டா? காலையிலேர்ந்து கழட்டிட்டுதான் இருக்காங்க. நான் ஆபீஸ்ல இருக்கேன். என்ன விஷயம்?"

"நிறுத்தச் சொல்லுங்க மாமா! தூண்ல விரிசல் இருக்கு. நான்தான் அழிச்சிட்டேன்."

"விளையாடுறியா? இன்ஜினியரே சொல்லிட்டாரு. படமும் நீ எடுத்ததுதானே? இப்ப வந்து குட்டையைக் குழப்பாத. மீட்டிங் இருக்கு, வை."

படுபாவி மனுஷன், வைத்தேவிட்டார். அக்காவை அழைத்தான்.

"என்னடா பளபளா, இந்த நேரத்துல?"

"அக்கா, உடனே கீழ எறங்கி வெளிய போ. எதையும் எடுக்காத. கீழ முட்டு கழட்டுறவங்களையும் வேலையை விட்டுட்டு வெளிய ஓடச் சொல்லு."

"அடுப்புல பால் இருக்குடா..."

"அணைச்சிட்டுப் போக்கா! உன் கால்ல விழுறேன்."

அவன் குரலில் என்ன இருந்ததோ, அவள் சிரிப்பு நின்றது. "சரி சரி, கத்தாத. இதோ போறேன்." செருப்புச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு மரம் முனகுவதுபோல் ஏதோ.

"என்னக்கா?"

"வாசக்கதவு வரலடா." அவள் மூச்சு வாங்கினாள். "நேத்துகூட நல்லாத்தானே இருந்துது? நிலையோட கவ்விப் பிடிச்சிருக்கு. இரு, இழுக்குறேன்."

மழைக்கு மரம் ஊதியதல்ல, தூண் இறங்கித்தான் கதவுகள் இறுகுகின்றன என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் இழுத்தாள். அவளுக்குக் கீழே எங்கோ ஒரு இரும்பு தரையில் விழுந்து உருளும் ஓசை போனில் துல்லியமாகக் கேட்டது. "அவ்வளவுதாம்பா, கடைசி முட்டு!" என்று யாரோ சந்தோஷமாகக் கத்தினார்கள்.

"தம்பி," என்றாள் அக்கா, "இப்ப கதவு இம்மியும் அசைய மாட்டேங்குது."