ஜீவாவுக்கு இரண்டு, ஆகாஷுக்கு ஒன்று

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு வாட்ஸ்அப் குழுவில். கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு மழலையர் பள்ளி, அதன் யு.கே.ஜி. பெற்றோர் குழு. டிசம்பர் இரண்டாவது வாரம் அதில் ஆங்கிலத்தில் ஒரு தகவல் வந்தது. இருபத்து மூன்றாம் தேதி கிறிஸ்துமஸ் தாத்தா வகுப்புக்கு வருகிறார். பெற்றோர் பரிசைச் சுற்றி, மேலே பெயரெழுதி, குழந்தைக்குத் தெரியாமல் முன்கூட்டியே ஒப்படைக்கவும்.

எத்தனை பரிசு என்று சொல்லவில்லை. வகுப்பில் முப்பத்து மூன்று குழந்தைகள், அதில் கிறிஸ்தவக் குழந்தைகள் இரண்டு பேர். மற்ற முப்பத்தொரு வீடுகளுக்கும் தாய்மாமன் சீர் எத்தனை தட்டு என்று தெரியும். இது எத்தனை என்று தெரியாது. கேட்டால் சொல்ல ஒரு பெரியவரும் இல்லை.

அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். என் மகள் ஷாலினிக்கு எத்தனை கொடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன், தைரியம் வந்தால்.

2

முதல் வரிக்கு மூன்று முறை முயன்றேன்.

"கல்வராயன் மலைமேல் மார்கழிப் பனி இறங்கிக்—" [மலைக்கும் பரிசுக்கும் சம்பந்தமில்லை. விட்டுவிட்டேன். ஆனால் மலையை எடுத்துவிட்டால் மலர்விழி வீட்டுக்குப் பின்னால் வைக்க வேறு எதுவும் இல்லை. அது அங்கேயே இருக்கட்டும்.]

"மலர்விழி நல்லவள்." [உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே சொன்னால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள்.]

"அஞ்சு வாங்கிடலாம்," என்றான் அரங்கநாதன்.

இதுவே இருக்கட்டும். அரங்கநாதன் மலர்விழியின் கணவன். கச்சிராயபாளையத்துக்கு அருகில் அவர்களுக்குக் கரும்பு நிலம் இருக்கிறது. ஆகாஷ் ஒரே மகன், ஐந்து வயது.

"வூட்ல பெரியவங்க நாம அஞ்சு பேரு. ஆளுக்கு ஒண்ணு. கணக்கு சரியா இருக்குதா?"

"தாத்தா குடுத்தாருன்னு அவன்கிட்ட சொல்லப்போறோம். இதுல ஆளுக்கு ஒண்ணு இன்னாத்துக்கு?" என்றாள் மலர்விழி. "பக்கத்துல அமிர்தத்தோட பொண்ணு ஒக்காந்துகினு இருக்கும். இவனுக்கு அஞ்சு வந்து அதுக்கு ஒண்ணு வந்தா, அது மூஞ்சி எப்டி போவும்?"

"அது மூஞ்சிக்காக நம்ம புள்ளைக்குக் கம்மி பண்ணுவியா?"

"ஒண்ணு," என்றாள் மலர்விழி. ஒரு பொம்மை ஜே.சி.பி. வாங்கினாள். அந்த வீட்டில் உழவுக்கு டிராக்டர் வரும் நாளைக்கூட அவள்தான் முடிவு செய்வாள் என்பதால் அரங்கநாதன் அதற்குமேல் பேசவில்லை.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இது நல்ல பெண்ணைப் பற்றிய நல்ல கதை. பத்திரிகையில் அரைப் பக்கம் வரும்.

3

அமிர்தத்தை இப்போது உள்ளே கொண்டுவர வேண்டும். அவளை எழுத எனக்குக் கொஞ்சம் பயம். பாவப்பட்டவளாக எழுதினால் அவளே வந்து அடித்துவிடுவாள்.

இரண்டு வருடம் முன்புவரை அவள் அரங்கநாதன் நிலத்தில் களையெடுத்தாள், கரும்பு வெட்டினாள். அவளுடைய மாமியார் இருசம்மாள் இன்னும் அங்கேதான் வேலைக்குப் போகிறாள். பொங்கலுக்கு முதல்நாள் வேலையாட்கள் வந்து நிற்க, புடவையும் நெல்லும் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். அமிர்தம் கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடை வேலைக்குப் போன வருடம், கூப்பிட்டனுப்பியதற்கு மரியாதையாக வந்தாள். "எனக்கு வேணாங்க. புடவை நானே எடுத்துக்கினேன்," என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போனாள். மலர்விழியின் மாமியார் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மலர்விழிக்கு மட்டும் உள்ளூர அது பிடித்திருந்தது.

அமிர்தத்தின் மகள் ஜீவாவுக்கு இலவச ஒதுக்கீட்டில் அதே பள்ளியில் இடம் கிடைத்தது. தினமும் காலையில் பள்ளி வேனுக்காக இரண்டு அம்மாக்களும் ஒரே புளியமரத்தடியில் நிற்கிறார்கள். முன்பு "அம்மா" என்று கூப்பிட்டவள் இப்போது "ஆகாஷ் அம்மா" என்கிறாள். மலர்விழி முன்பும் அமிர்தம் என்றாள், இப்போதும் அமிர்தம்தான்.

[ஒரு குறிப்பு. மலர்விழி வீட்டில் வேலையாட்களுக்கென்று தனி டம்ளர் கிடையாது. அதெல்லாம் அந்தக் காலம். இப்போது பேப்பர் கப். நூறு கப் கொண்ட கட்டு அடுக்களை அலமாரியில் எப்போதும் இருக்கும். "கழுவுற வேல இல்ல பாரு" என்பார்கள். வீட்டு ஆட்கள் எவர்சில்வர் டம்ளரில் குடிக்கிறார்கள். அவற்றைக் கழுவுவது பற்றி இதுவரை யாரும் அலுத்துக்கொண்டதில்லை.]

4

ஜே.சி.பி.யைச் சுற்றி முடித்த பிறகு மலர்விழிக்கு ஒரு கவலை வந்தது. தகவல் ஆங்கிலத்தில் வந்திருக்கிறதே, அமிர்தத்துக்குப் புரிந்திருக்குமா? தாத்தா எல்லாரையும் கூப்பிட்டு, ஜீவாவை மட்டும் கூப்பிடாமல் போய்விட்டால்? அந்தக் கவலையில் பொய் இல்லை. அதை நான் விளையாட்டாக எழுதவில்லை.

கேட்டால் தெரிந்துவிடும். ஆகவே மறுநாள் காலை அவளைக் கேட்க வைக்கப் பார்த்தேன்.

"அமிர்தம், அந்த தாத்தா பரிசு—"

"ஏன் அமிர்தம், நீ ஜீவாவுக்கு—"

மலர்விழி எதையோ கேட்க வாயெடுத்தாள். பிறகு, "பனி ஜாஸ்தியா இருக்குதுல்ல?" என்றாள்.

மூன்றாவதுதான் நின்றது. கொடுத்து அவளுக்குப் பழக்கம் உண்டு; கேட்டுப் பழக்கமில்லை. அவள் கேட்டிருந்தால் கதை புளியமரத்தடியிலேயே முடிந்திருக்கும். அவள் கேட்காமல் போனதில் எனக்கும் ஆதாயம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

[குழுவில் அந்தத் தகவலுக்குக் கீழே முதல் கட்டைவிரல் குறி 'ஜீவா மம்மி' என்ற பெயரில்தான் இருந்தது. மலர்விழி மேலே தள்ளிப் பார்க்கவில்லை.]

ஜீவாவுக்காகக் கண் மூடித் திறக்கும் பொம்மை ஒன்று வாங்கினாள். ஆகாஷின் பரிசைச் சுற்றிய பளபளத் தாளையே இதற்கும் சுற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, முடிந்துபோன நவம்பர் மாதக் காலண்டர் தாளை எடுத்தாள். வெள்ளைப் பக்கம் வெளியே, அச்சடித்த பக்கம் உள்ளே. இடது கையால் 'ஜீவா' என்று எழுதினாள். அவ்வளவு ஜாக்கிரதை.

5

இருபத்து மூன்றாம் தேதி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேன் ஓட்டுநர் பச்சமுத்துதான் தாத்தா. பஞ்சுத் தாடிக்குள் வேர்த்துக்கொண்டே பெயர் படித்தார். சந்தோஷுக்கு ஆறு. ஷாலினிக்கு மூன்று. ஆகாஷுக்கு ஒன்று. ஜீவாவுக்கு ஒன்று, அதுவும் ஜே.சி.பி.; அவள் கேட்டு அமிர்தம் வாங்கியது. பிறகு பச்சமுத்து மூட்டைக்குள் கைவிட்டு, "ஜீவாவுக்கு இன்னொண்ணு" என்றார்.

சந்தோஷுக்கு ஆறு வந்ததில் ஆகாஷுக்கு ஒரு வருத்தமும் இல்லை. சந்தோஷ் கடைசி பெஞ்சு, வேறு தேசம். ஜீவா பக்கத்து இருக்கை.

6

"அம்மா, நா இன்னா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல கண்ணு."

"அப்பறம் ஏன் தாத்தா ஜீவாக்கு ரெண்டு குடுத்தாரு? அது என்னக் கடிச்சிது. நா கடிக்கவே இல்ல."

மலர்விழி பதில் தேடினாள். தாத்தா இல்லை என்று சொல்லலாம். ஐந்து வயதில் அது கொடுமை. அந்த இரண்டாவதை வாங்கியது அம்மாதான் என்று சொல்லலாம். திங்கட்கிழமைக்குள் வேன் முழுக்கத் தெரிந்துவிடும். "அடுத்த வருஷம் சரியாக் குடுப்பாரு," என்றாள். ஆகாஷ் அழவில்லை. ஜே.சி.பி.யைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனான். தன் பிள்ளைக்கு முதல்முறையாகத் தானே குறைவைத்துவிட்டதாக மலர்விழிக்குத் தோன்றியது. அவளுக்கு அழுகை வந்தது.

7

இந்தக் கதை மலர்விழியின் தோளை ஒட்டியே நடக்கிறது. ஆனாலும் ஒரு பத்தி மட்டும் அமிர்தத்தின் வீட்டுக்குப் போய் வருகிறேன், மன்னியுங்கள்.

அங்கே தாளைக் கிழிக்க மாட்டார்கள். ஒட்டியதை நகத்தால் பிரித்து எடுப்பார்கள். பிரித்தால் உள்ளே உரக்கடைக் காலண்டர். நிலம் இல்லாத வீட்டுக்கு உரக்கடைக் காலண்டர் வராது. பதினெட்டாம் தேதிக் கட்டத்தில், இந்த முறை வலது கையால், எழுதியிருந்தது: ஆகாஷ் ஊசி. அமிர்தம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வேண்டாம் என்று சொன்னது கிறிஸ்துமஸுக்குக் கொல்லைப்பக்கமாக வந்திருக்கிறது. ஜீவா அதற்குள் பொம்மைக்குப் பெயர் வைத்துவிட்டாள்.

8

மறுநாள் காலை மலர்விழி வீட்டு அழைப்புமணி அடித்தது. இதில் அதிசயம் என்னவென்றால், அமிர்தம் அந்த வீட்டு மணியை அதுவரை அடித்ததில்லை. தோட்டத்துப் பக்கம் வந்து குரல் கொடுப்பாள். இன்று முன்வாசலில், துணிக்கடை அடையாள அட்டையுடன், ஜீவாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்க வூட்டுக் காலண்டரு எங்க வூட்டுக்கு வந்துட்டுது, ஆகாஷ் அம்மா. தம்பி ஊசி போட்ட தேதி இதுல இருக்குது. வேணும்ல?"

தாள் நான்காக மடித்திருந்தது. மலர்விழி வாங்கிக்கொண்டாள்.

"நீ... ஒனக்குத் தெரியாதோன்னு நெனச்சிட்டேன் அமிர்தம்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. டெய்லி பக்கத்துலதான நிக்கறோம்."

அமிர்தம் குரலை உயர்த்தவில்லை. பிறகு பையிலிருந்து பளபளத் தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து ஆகாஷிடம் நீட்டினாள். "தாத்தா கணக்குல தப்பு பண்ணிட்டாரு தம்பி. ஒன்னோட ரெண்டாவத எங்க வூட்ல குடுத்துட்டுப் போயிட்டாரு."

[உள்ளே இருப்பது திருப்பித் தந்த பொம்மை இல்லை, அது ஜீவாவிடமே இருக்கிறது. இது அமிர்தம் ராத்திரியே கடையில் வாங்கிய புதியது. என்னவென்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தேவையில்லை.]

ஆகாஷ் இரண்டு கையாலும் வாங்கினான். மலர்விழிக்கு, "எதுக்கு அமிர்தம் இதெல்லாம்" என்று நாக்கு நுனிவரை வந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் இருசம்மாள் புடவையை வாங்கும்போது சொல்லும் வார்த்தை அது. அதை விழுங்கிக்கொண்டாள். "உள்ள வா. காபி குடிச்சிட்டுப் போ," என்றாள்.

"கடைக்கு டைமாவுது," என்றாள் அமிர்தம். ஆனால் வந்தாள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

9

ஷாலினிக்கு நான் மூன்று கொடுத்தேன். பக்கத்து இருக்கையில் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. மலர்விழிக்குத் தீர்ப்பு சொல்லும் இடத்தில் நான் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவள் இப்போது அடுக்களையில் நிற்கிறாள். அடுப்பில் பால். அலமாரியில் இடதுபக்கம் எவர்சில்வர் டம்ளர்கள், வலதுபக்கம் பேப்பர் கப் கட்டு. கூடத்தில் அமிர்தம், ஜீவா, ஆகாஷ். அவளையும் சேர்த்து நான்கு பேர். கை தன்பாட்டுக்கு வலதுபக்கம் போய், பாதியில் நின்றுவிட்டது. இவ்வளவு நேரம் எண்ணியதெல்லாம் பரிசு என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

நான்கு டம்ளர். அல்லது இரண்டு டம்ளர், இரண்டு கப். நான்குமே பேப்பர் கப் என்றும் ஒரு வழி இருக்கிறது. யாரும் யாரையும் எதுவும் சொல்ல முடியாது. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அதனால்தான் இந்த இடத்தை நான் எழுதக் கூடாது.

பால் பொங்கி வருகிறது. நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.