ஆயுத பூஜைக்குத் துடைத்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜைக்குத் தறிக்கூடத்தைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பது நெசவு ஊரான இளம்பிள்ளையில் எல்லாரும் செய்வதுதான். தறி முதலாளி காளியப்பன் ஒருபடி மேலே போய், சேலை டிசைன் போடும் கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்தார். வெளியே துணியால் துடைத்திருந்தால் யாருக்கு என்ன கேடு? மனுஷன் உள்ளேயும் துடைத்தார். நெய்து முடித்துத் தறியிலிருந்து இறக்கிய டிசைன்களையெல்லாம் போட்டு வைக்கும் 'இறக்கினது' என்ற ஃபோல்டர் அவர் கண்ணில் பட்டது. இறக்கியது எதற்கு இன்னும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று மொத்தமாக அழித்தார். பென்டிரைவ்களையும் விடவில்லை. மானிட்டர் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

டிசைன் போடும் தீபிகாவுக்கு இது தெரியவந்தது பூஜைப் பொரியெல்லாம் தீர்ந்த பிறகுதான். சேலத்து ஜவுளி வியாபாரி பயாஸ் காலையில் போன் செய்தார். போன வருஷம் நெய்த வளையல் பார்டர் சேலையைக் கேட்டு ஆள்மேல் ஆள் வருகிறார்களாம். கிளம்பி வந்துகொண்டிருக்கிறாராம். டிசைனைத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டால் அங்கேயே ஆர்டர். தீபிகாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் தனியாக உட்கார்ந்து போட்ட முதல் டிசைன் அல்லவா அது.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஃபோல்டரே இல்லை. கேட்டதற்கு, பூசைக்குச் சுத்தம் பண்ணியாச்சே என்று காளியப்பன் சாவகாசமாகச் சொன்னார். கம்ப்யூட்டரில் இருப்பதற்கெல்லாம் அன்றாடம் ஒரு பிரதி தானாகவே கிளவுடில் ஏறும். அங்கேயும் தேடினாள். இங்கே அழிந்தது அங்கேயும் காணோம். புதிதாக வரைய ஒரு மாதமாவது பிடிக்கும். பயாஸ் அதுவரை பொறுப்பாரா, அடுத்த தெருத் தறிக்குப் போய்விடுவார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

காளியப்பனோ வேறொரு சண்டையில் இருந்தார். கிளவுடில் இடம் நிரம்பிவிட்டது, கூடுதல் இடம் வாங்குங்கள் என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் விடாமல் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் இருப்பது நூறு ஜிபிகூடத் தேறாது. கிளவுடோ முந்நூறு என்று காட்டியது. அத்தனை துடைத்தும் அங்கே ஒரு துளி குறையவில்லை என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நம்ம குடோன்ல எவனோ அவன் மூட்டையக் கொண்டாந்து அடுக்கி வெச்சிருக்கான் அம்மிணி," என்றார்.

தீபிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அவர் செல்போனில் குவித்து வைத்திருக்கும் வீடியோக்கள்மேல்தான் அவளுக்கு முதல் சந்தேகம். பார்த்தால் அவை கிளவுடுக்குப் போகவே இல்லை. தூக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டரின் பிரதி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாள். அதுவும் இல்லை. அதற்குள் காளியப்பன் கம்பெனிக்குப் போன் போட்டு, அங்கே பேசிய பெண் வழி சொல்லச் சொல்ல, ஒரு பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டார். 'பழைய பிரதிகளை அழி.' அதை அமுக்கினால் இரண்டு கணக்கும் ஒத்துப்போய்விடுமாம். மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

தீபிகாவுக்குத் திக்கென்றது. இங்கே இல்லாத ஏதோ ஒன்று அங்கே இருப்பதால்தானே கணக்கு இடிக்கிறது? இங்கே இல்லாமல் போனது எது? பாய்ந்துபோய் அவர் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கினாள். முதலாளி கையிலிருந்து பிடுங்குகிறோமே என்ற நினைப்புகூட அவளுக்கு இல்லை.

"அமுக்கிப்போடாதீங்ணா. அந்த மூட்டை நம்முளுதுங்ணா."

அழித்தவற்றையும் காட்டச் சொல்லும் சின்னக் கட்டத்துக்குள் டிக் அடித்தாள். வெறுமையாகக் கிடந்த இடத்தில், சாம்பல் நிறத்தில், 'இறக்கினது' வந்து நின்றது. திரும்ப எடுக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தாள். எவ்வளவு வந்தது என்று காட்டும் கோடு ஊர்ந்தது. வாசலில் பயாஸின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. காளியப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடு நிறைந்தது. வளையல் பார்டர் ஒன்றாக வரவில்லை, வரிசை வரிசையாக வந்தது. காளியப்பன் சொல்லச் சொல்ல அவள் திருத்தித் திருத்தி ஒரே பெயரில் சேமித்ததை, கிளவுட் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிரதியாக வைத்திருந்தது. வளையலுக்கு நடுவே பூ வைத்தது, பூவுக்கு மேலே கிளி உட்கார்ந்தது, கிளியைச் சுற்றிக் கட்டம் போட்டது, எல்லாம் இருந்தன. இடம் நிரம்பாமல் என்ன செய்யும்?

பயாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். கடைசியாக எல்லாவற்றுக்கும் முந்தைய பிரதி வந்தது. பூவுமில்லை, கிளியுமில்லை. ஒன்றுக்குள் ஒன்று கோத்த வளையல்கள் மட்டும். அதிலேயே அவர் விரல் நின்றுவிட்டது.

"காளியப்பண்ணே, போன வருஷத்தது கெடக்கட்டும், இதயே நெய்ங்க. இத எனக்குக் காட்டவே இல்லியே. யாரு போட்டது?"

காளியப்பன் தாடையைச் சொறிந்தார்.

"அது அம்மிணி போட்டதுங்க பாய். மத்ததெல்லாம் நாங் கை வெச்சதுக்கு அப்புறம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எந்தத் தறியில் ஏற்றட்டும் என்று கேட்டாள்.

"எல்லாத் தறியிலயும் ஏத்து சாமி," என்றார் காளியப்பன்.